பொதுத் தேவை என்பது எவருடைய தேவை?

திருகோணமலையின் உட்துறையைப் பார்ப்பவர்க்கு அது கடலாகத் தோன்றுவதில்லை. மலைகள் சூழ்ந்த பெரியதோர் ஏரியாகவே தோன்றும். அலையடங்கிய ஆழ்ந்த நீர், அதனை வளைத்து நிற்கும் குன்றுகள், குன்றுகளுக்கிடையே சிறுசிறு குடாக்கள் என இயற்கை இவ்விடத்தை அமைத்திருக்கிறது. இவ்வமைப்பே இம்மாவட்டத்து மக்களின் பேறு. இவர்களுடைய இடரும் இதுவே. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கடல் கடந்து வந்த வல்லரசுகள் எல்லாம் இத்துறையின் மீது கண் வைத்தன. கண் வைத்தவர்கள் நீரை மட்டும் கேட்கவில்லை. நீரை அடுத்த நிலத்தையும் கேட்டார்கள். பீரங்கிகளின் காலம் போய் மூலதனத்தின் காலம் வந்த பின்னரும் அந்தக் கேள்வி மாறவில்லை. கோட்டை கட்டுவதற்காகக் கேட்கப்பட்ட நிலம் இப்பொழுது உல்லாச விடுதிக்காகவும், மாடி மனைக்காகவும், தொழிற் பேட்டைக்காகவும் கேட்கப்படுகிறது.

நீர்முகத்தில் செல்வர்க்கான குடியிருப்புகள் எழப்போகின்றன என்ற பேச்சுக் கிளம்பும்போதெல்லாம், அன்புவழிபுரம் போன்ற துறைமுகப் பகுதிக் குடியிருப்புகளில் இரண்டு கட்சிகள் தோன்றுவது இயல்பே. “வேலை வரும், வீதி வரும், நம் பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போகாமல் ஊரிலேயே பிழைக்கலாம்” என்பது ஒரு கட்சி. “முதலில் கடற்கரை போகும், பிறகு காணி போகும், கடைசியில் நாம் போவோம்” என்பது மற்றக் கட்சி. இரண்டு கட்சியினரும் உழைத்துப் பிழைப்பவர்களே; இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகையால் ஒரு கட்சியை அறிவிலிகள் என்றும் மறு கட்சியை வீரர்கள் என்றும் பட்டம் சூட்டுவது நம் நோக்கமன்று. இவ்விவாதம் எந்த வரலாற்றின் மீது நின்று நடைபெறுகிறது என்பதை விளக்குவதே நம் நோக்கம். வரலாறு தெரியாத விவாதத்தில் வெல்பவர் யார் என்பதை விவாதத்திற்கு வெளியே இருப்பவர்களே தீர்மானிப்பார்கள்.

நிலம் “வெறுமையாக” ஆன கதை

1840ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இலங்கையில் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்பைத் தடுப்பதற்கென ஒரு கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அதன் சாரம் மிகச் சுருக்கமானது: காடும், தரிசும், குடியற்றதும், பயிரிடப்படாததுமான நிலங்கள் எல்லாம், மறுதலையாக நிறுவப்படும் வரையில், முடிக்குரியவை என்று கொள்ளப்படும். இவ்வொரு விதியின் ஆற்றலைச் சற்றே சிந்தித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னர் ஓர் ஊரவன் சேனை வெட்டிய காட்டுக்கும், மாடு மேய்த்த வெளிக்கும், வலை உலர்த்திய மணலுக்கும் எவரும் பத்திரம் கேட்டதில்லை. ஊரின் வழக்கமே அவனுடைய உரிமையாக இருந்தது. சட்டம் வந்த மறுநாள் முதல் நிரூபிக்கும் சுமை அவன் தலையில் ஏறியது. அந்நிலம் தன்னுடையதென்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. தன்னுடையதென்று குடியானவனே நிரூபிக்க வேண்டும். எழுத்தறியாத மக்களிடம் எழுத்தைச் சான்றாகக் கேட்ட சட்டம் அது.

மலைநாட்டில் இச்சட்டம் கோப்பித் தோட்டங்களுக்கு வழி திறந்தது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அவ்வேலையை மேலும் செம்மையாகச் செய்து முடித்தது. கிழக்குக் கரையில் தோட்டங்கள் எழவில்லை என்பது உண்மை. எனினும், அச்சட்டங்கள் விட்டுச் சென்ற எண்ணம் இங்கேயும் வேரூன்றியது. வேலி இல்லாத நிலம் வெற்று நிலம். வெற்று நிலம் அரசின் நிலம். அரசின் நிலம் அரசு விரும்பியவர்க்கு உரிய நிலம். இம்மூன்று படிகளே இன்று வரையிலும் எல்லாத் திட்டங்களின் அடியிலும் கிடக்கின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிலமற்ற குடியானவர்க்கு அனுமதிப்பத்திரம் வழங்கியது. அது நல்ல காரியமே. ஆயினும் அனுமதிப்பத்திரம் உறுதி ஆகாது. அதை வைத்திருப்பவன் தன் காணியைத் தன் விருப்பப்படி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. திருகோணமலை மாவட்டத்தின் குடியேற்றப் பகுதிகளில் இவ்வாறு அனுமதிப்பத்திரத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. தலைமுறைகளாக ஒரு மண்ணில் வாழ்ந்தும் அம்மண்ணின் மேல் தம் உரிமை எவ்வளவு என்பதை அறியாமல் அவை வாழ்கின்றன. செல்வர் குடியிருப்புப் பற்றிய விவாதத்தில் ஏழைக் குடியிருப்பின் குரல் தாழ்ந்து ஒலிப்பதற்கு இவ்வுறுதியின்மை ஒரு பெருங்காரணம்.

கடற்படை வந்ததும் சென்றதும்

1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். அந்நாள் தொட்டு 1957 வரை, இடையிடையே தளர்ச்சி இருந்தாலும், இத்துறை பிரித்தானியக் கடற்படையின் நிழலிலேயே கிடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் சீனக்குடாவில் பெரிய எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக எழுப்பப்பட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அக்குதங்களும் இலக்காயின. ஏகாதிபத்தியங்கள் தம்முள் மோதிக்கொண்ட போரில் குண்டு விழுந்தது நம் கூரைகளின் மேல்.

1956இல் பதவியேற்ற பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் கோரிக்கைப்படி 1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு முழுவதும் அதனை விடுதலையின் நிறைவாகக் கண்டு மகிழ்ந்தது, மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடி மாறியது, வேலி மாறவில்லை. அன்னியக் கடற்படையின் நிலம் உள்நாட்டு அரசின் நிலமாயிற்றேயன்றி ஊரவரின் நிலமாகவில்லை. குதங்களின் கதையும் அவ்வாறே. 1987இன் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களில் அவை இடம் பெற்றன. 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளை அங்கே காலூன்றியது. 2022 ஜனவரியில் எஞ்சியிருந்த 99 குதங்களும் அக்கம்பனிக்கும், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்குமாகப் பங்கிடப்பட்டன. எண்பது ஆண்டுகளில் எத்தனையோ ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அவை எவற்றிலும் சீனக்குடாவை அடுத்து வாழும் மக்கள் ஒரு கட்சியாகக் கையெழுத்திடவில்லை.

உல்லாசப் பயணத்தின் வருகை

1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்றின் துணையோடு பத்தாண்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. இத்தீவின் ஐந்து உல்லாச வலயங்களுள் ஒன்றாகக் கிழக்குக் கரையை அத்திட்டம் குறித்தது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும், தெற்கே பாசிக்குடாவிலும் விடுதிகள் தோன்றின. பின்னர் வந்த போர் அவற்றை முடக்கியது. போர் ஓய்ந்த 2009க்குப் பின் அதே கரைகள் புதிய வேகத்தோடு பங்கிடப்பட்டன. பாசிக்குடாவில் ஆழமற்ற குடாவை வளைத்து விடுதிகள் நெருக்கமாக எழுந்தன. அங்கு தோணி ஏற்றி வலை உலர்த்தி வந்த மீனவர்க்குக் கரையின் ஓர் ஓரமே எஞ்சியது. 2015க்குப் பின்னர் திருகோணமலைக்கெனச் சிங்கப்பூர் ஆலோசனை நிறுவனமொன்று பெருந்திட்டம் வரைந்தது. திட்டம் வரைபவர் மாறுகின்றனர். படத்தில் நீலமாகவும் பச்சையாகவும் காட்டப்படும் இடங்களில் மனிதர் இல்லாமை மட்டும் மாறுவதில்லை.

கரை வெறுமையானதன்று என்பதை ஒரு தொழிலைக் கொண்டே விளக்கலாம். கரைவலை இழுப்பதைக் காணாத திருகோணமலை மாணவர் இரார். தோணி கடலில் வலையை வளைத்து விட்டு வரும். வலையின் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரு கூட்டத்தார் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் மெல்ல நெருங்கியவாறு மணிக்கணக்கில் இழுப்பர். இதற்கு நீண்ட, தடையற்ற மணற்கரை வேண்டும். வலைக்காரர்க்குப் பாடு என்று எல்லை வகுத்த இடம் உண்டு, வாடி உண்டு, முறை உண்டு. இவ்வமைப்பிலும் சுரண்டல் இல்லாமல் இல்லை. சம்மாட்டிக்குப் பெரும்பங்கும் கயிறிழுப்பவனுக்குச் சிறுபங்கும் கிடைப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சம்மாட்டியோடு கூலிக்காகப் போராடுவதற்கும் முதலில் கரை இருக்க வேண்டும். இழுக்கும் வழியில் ஒரு விடுதியின் மதிலோ, மனையின் படகுத்துறையோ எழுந்துவிட்டால், பாடு முழுவதும் பாழாகும். வரைபடக்காரன் கண்ணுக்கு வெறும் மணலாகத் தெரிவது அறுபது குடும்பங்களின் தொழிற்சாலையாக இருக்கலாம்.

2004 டிசம்பர் 26இல் கடற்கோள் இக்கரைகளைச் சூறையாடியது. அதன்பின் அரசாங்கம் கரையோரத்தில் தடை வலயம் விதித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். உயிர்களைக் காப்பதே நோக்கம் எனப்பட்டது. மீனவனின் குடிசைக்கு அவ்விதி பொருந்தியது. உல்லாச விடுதிகளுக்கோ விலக்குகள் கிடைத்தன. கடல் ஏழையை மட்டும் விழுங்கும் என்பது போன்ற அந்த விதியைப் பின்னர் தளர்த்த நேர்ந்தது. ஆயினும் அது ஓர் உண்மையை வெளிப்படுத்திச் சென்றது. ஒரே நிலம், ஒரே ஆபத்து, ஒரே சட்டம். ஆனால் அது பொருந்தும் முறை மட்டும் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டது.

சம்பூர் கூறும் பாடம்

திருகோணமலை நகரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து தெற்கே நோக்கினால் தெரிவது மூதூர் கிழக்கு. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா, இளக்கந்தை முதலிய ஊர்கள் அங்கே உள்ளன. நெல்லும் மாடும் மீனுமே அவ்வூர்களின் செல்வம். 2006 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களால் அம்மக்கள் ஊரை விட்டு ஓடினர். செப்டெம்பரில் அப்பகுதி அரசாங்கப் படைகளின் வசமாயிற்று. அக்டோபரில் வெளியான வர்த்தமானி ஒன்று 675 சதுர கிலோமீற்றர் நிலத்தைத் திருகோணமலைச் சிறப்புப் பொருளாதார வலயம் என்று பிரகடனம் செய்தது. இம்மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,727 சதுர கிலோமீற்றர். அதாவது, போரால் துரத்தப்பட்ட மக்கள் அகதி முகாம்களில் இருக்கையில், மாவட்டத்தின் நான்கில் ஒரு பங்கு நிலம் மூலதனத்திற்கென எழுத்தில் ஒதுக்கப்பட்டது. 2007 மே மாதத்தில் இன்னொரு வர்த்தமானி மூதூர் கிழக்கையும் சம்பூரையும் உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. அதனை எதிர்த்துத் தாக்கலான அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையிலேயே தள்ளிவிட்டது.

அதன் பின் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். இந்தியத் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்குச் சம்பூர் தெரிவாயிற்று. போர் 2009இல் முடிந்தது. அவசரகால நிலை 2011இல் நீங்கியது. பாதுகாப்பு என்ற காரணம் வலுவிழந்ததும் வேறொரு காரணம் தேவைப்பட்டது. 2012 மே மாதத்தில் 818 ஏக்கர் நிலம் முதலீட்டுச் சபையின் கீழ் ஒரு தனியார் கம்பனியின் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. போரின் பேரால் எடுத்த நிலத்தை அமைதியின் பேரால் கொடுத்த விந்தை இது. ஊரவரோ கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் தகரக் கூரைகளின் கீழ்க் காத்திருந்தனர்.

அவர்கள் சும்மா காத்திருக்கவில்லை என்பதே நாம் கற்க வேண்டியது. மாற்றுக் காணி தருகிறோம் என்ற வாக்குறுதிகளை ஏற்று ஒதுங்க அவர்களிற் பலர் மறுத்தனர். உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் காத்து வைத்தனர், மனு எழுதினர், வழக்காடினர், வீதியில் அமர்ந்தனர். 2015 மே மாதத்தில் புதிய ஜனாதிபதி 818 ஏக்கர் பற்றிய பிரகடனத்தை நீக்கினார். கம்பனி நீதிமன்றம் சென்றது. ஜூலையில் அதன் மனு தள்ளுபடியாயிற்று. ஆகஸ்டில் மக்களிடம் நிலம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படை வைத்திருந்த 237 ஏக்கரில் 177 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுபட்டது. சம்பூர் மகா வித்தியாலயமும் அதனோடு மீண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து ஊர் மீண்டது. மீண்ட ஊரில் வீடுகள் இல்லை, கிணறுகள் தூர்ந்திருந்தன, வரம்புகள் காடாகியிருந்தன. நிலக்கரிக்கென ஒதுக்கிய நிலத்திலோ இப்பொழுது சூரிய மின் நிலையம் திட்டமிடப்பட்டுள்ளது; 2025 ஏப்ரலில் இரு நாட்டுத் தலைவர்களும் அதற்கான பணியைத் தொடக்கி வைத்தனர். சூரிய ஒளி நிலக்கரியினும் நல்லது என்பதில் ஐயமில்லை. எனினும் நிலம் எவரிடமிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்ற வினாவைச் சூரிய ஒளியும் அழித்துவிடாது.

ஏரிக்கரை மாளிகையும் நீதிமன்றமும்

நிலப்பறிப்பு என்பது போர் நடந்த மாகாணங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் உளர். அவர்கள் தலைநகரின் வாசலில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். பாராளுமன்றம் அமைந்துள்ள தியவன்னா ஏரியை அடுத்து, பத்தரமுல்லையில், தாழ்ந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. 1980களில் அந்நிலம் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் ஊரவரிடமிருந்து பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்டது. வெள்ளநீரைத் தாங்கும் நிலமாக அதனைப் பேணுவதே அப்பொழுது கூறப்பட்ட தேவை. 1990களில் அதே நிலம் ஒரு தனியார் கம்பனியின் கைக்குச் சென்றது. கொல்ப் விளையாட்டுத் திடலும், செல்வர்க்கான கழக மாளிகையும், வீட்டுமனைத் திட்டமும் பொதுத் தேவையின் இடத்தைப் பிடித்தன. “வாட்டர்ஸ் எட்ஜ்” என்ற பெயர் அவ்வாறு பிறந்தது.

குடிமக்கள் இருவர் பொதுநல மனுத் தாக்கல் செய்தனர். 2008 அக்டோபர் 8ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத் தேவைக்கென எடுத்த நிலத்தைத் தனியார் இலாபத்துக்குக் கொடுத்தது செல்லாது. ஆட்சியாளர் மக்களின் சொத்துக்கு உரிமையாளர் அல்லர், அறங்காவலரே என்று நீதிமன்றம் கொண்டது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. நாட்டின் தலைமைப் பதவியில் இருந்த ஒருவர் நிலக் கொடுக்கல் வாங்கலுக்காக இவ்வாறு பொறுப்புக் கூற வைக்கப்பட்டது சிறு செய்தியன்று. இவ்வறங்காவற் கொள்கையை 2000ஆம் ஆண்டில் எப்பாவல பொசுபேற்று வழக்கிலேயே அந்நீதிமன்றம் வலியுறுத்தியிருந்தது.

ஆனால் தீர்ப்பின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். நிலம் கம்பனியிடமிருந்து அரசுக்கு மீண்டது. முதலில் அதனை இழந்த ஊரவர்க்கு அது மீளவில்லை. மாளிகை இடிபடவும் இல்லை. அரசின் உடைமையாக அங்கே விருந்துகள் தொடர்கின்றன. சட்டம் ஆட்சியாளரின் கையைத் தட்டிவிடக் கூடியது. பறித்ததை உரியவன் கையில் சேர்ப்பதற்கு அதைவிட வலிய வேறொன்று வேண்டும். அது மக்களின் அமைப்பு. சம்பூரில் நிலம் மக்களிடம் மீண்டதற்கும் பத்தரமுல்லையில் அரசிடமே தங்கியதற்கும் உள்ள வேறுபாடு, அந்நிலத்தைக் கேட்டு நின்ற கூட்டம் இருந்ததும் இல்லாததுமே என்பது நம் கருத்து.

தென்கிழக்கே பாணமையும் இதற்குச் சான்று. 2010 ஜூலை 17ஆம் நாள் இரவில் ஆயுதந் தாங்கிய முகமூடியினர் ராகம்வெல, சாஸ்திரவெல ஊர்களின் குடிசைகளைக் கொளுத்தி மக்களை விரட்டினர். பின்னர் அங்கே படைமுகாம்களும், வாவிக்கரையில் படையினர் நடத்தும் உல்லாச விடுதியும் வந்தன. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் காகிதத்தில் உறங்கவே, 2016 மார்ச்சில் ஊரவர் தாமே தம் நிலத்துள் புகுந்தனர். பாணமை சிங்களரும் தமிழரும் கலந்து வாழும் ஊர். நிலத்தைக் கேட்டு வந்தவன் அவர்களுடைய மொழியை விசாரிக்கவில்லை, போராடியவர்களும் விசாரிக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் அயல் அயலாக வாழும் திருகோணமலைக்கு இதைவிட வேண்டிய பாடம் வேறில்லை. ஓர் இனத்தாரின் கரை பறிபோகையில் மற்ற இனத்தார் வாளாவிருந்தால், அடுத்த வர்த்தமானி அவர்களுடைய ஊரின் பெயரைத் தாங்கி வரும்.

வேலை வரும் என்ற வாதம்

இனி, குடியிருப்புத் திட்டங்களை விரும்புவோரின் வாதத்துக்கு வருவோம். வேலையில்லாத் திண்டாட்டம் கற்பனையன்று. படித்த இளைஞர் வெளிநாட்டு முகவரின் வாசலில் நிற்பதை நாம் அறிவோம். ஆகவே வேலை தரும் எதனையும் எடுத்த எடுப்பிலேயே மறுப்பது பொறுப்பற்ற செயல். கேட்க வேண்டியது, என்ன வேலை, எத்தனை காலத்துக்கு, எவ்விலைக்கு என்பதே.

உல்லாச விடுதிக்கும் உல்லாசக் குடியிருப்புக்கும் வேறுபாடு உண்டு. விடுதி நாள்தோறும் இயங்க வேண்டும். அதற்குச் சமையற்காரரும் தோட்டக்காரரும் காய்கறியும் மீனும் வேண்டும். செல்வர் மனையோ கட்டி முடிந்த அன்றே பெரும்பாலான வேலைகளை முடித்துவிடுகிறது. அதன் உடைமையாளர் ஆண்டில் சில கிழமைகள் வந்து தங்குவார். எஞ்சிய நாட்களில் கதவு பூட்டிக் கிடக்கும். அது வாழ்வதற்கான வீடன்று. பணத்தைப் பாதுகாத்து வைக்கும் பெட்டகம். 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைத் தடுத்தபோதே, அடுக்குமாடி மனைகளில் நான்காம் மாடிக்கும் அதற்கு மேலும் விலக்கு அளித்தது. நிலத்துக்குக் காவல், மாடிக்குத் திறப்பு. எனவே நீர்முகத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழுவதற்குக் காட்சியின் அழகு மட்டும் காரணமன்று.

இன்னொரு வினா தண்ணீர் பற்றியது. திருகோணமலை நகரம் அருந்தும் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. அதே குளத்தை நம்பிப் பல்லாயிரம் ஏக்கர் வயல்கள் உள்ளன. வரட்சிக் காலத்தில் உழவனுக்கும் நகரத்தானுக்கும் இடையே அந்நீர் பங்கிடப்படுகிறது. நீச்சற் குளங்களும் புற்றரைகளும் மூன்றாவது பங்காளியாக வந்து சேரும்போது எவர் பங்கு குறையும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலோரத்தில் மரடு என்னும் இடத்தில் நடந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. கரையோர ஒழுங்கு விதிகளை மீறி எழுந்த நான்கு அடுக்குமாடித் தொகுதிகளை இடிக்குமாறு 2019 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12ஆம் நாட்களில் வெடிவைத்து அவை தகர்க்கப்பட்டன. கட்டும்போது அனுமதி கொடுத்த கைகள் எவை, இடியும்போது வீட்டை இழந்தோர் யாவர், தூசியை உண்ட அயலவர் யாவர் என்று கேட்டால், வளர்ச்சியின் ஐந்தொகை எவ்வாறு எழுதப்படுகிறது என்பது விளங்கும். இலாபம் முதலில் எடுக்கப்படுகிறது. நட்டம் பின்னர் பொதுவாக்கப்படுகிறது. நம் நாட்டிலும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமெனக் கொண்டு, அங்கு எதுவும் கட்ட அனுமதி வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு நிற்க ஆள் வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆகவே, கட்டலாமா கூடாதா என்ற இரண்டு சொற்களுக்குள் இவ்விவாதத்தை அடைத்து விடுவது ஆளும் வர்க்கத்துக்கே வசதி. மக்கள் கேட்க வேண்டியவை வேறு. வர்த்தமானி வந்த பின்னரன்று, வருவதற்கு முன்னர் திட்டம் தமிழிலும் சிங்களத்திலும் ஊரின் முன் வைக்கப்பட வேண்டும். எந்தப் பொதுத் தேவைக்கென நிலம் எடுக்கப்படுகிறதோ அத்தேவை எழுத்தில் கூறப்பட வேண்டும். அது கைவிடப்பட்டால் நிலம் உரியவர்க்கே மீள வேண்டும். கரைவலைப் பாடுகளும் தோணித் துறைகளும் மேய்ச்சல் வெளிகளும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். அனுமதிப்பத்திரக் குடும்பங்களின் உரிமை, செல்வர் மனைக்கு அடிக்கல் நடப்படும் முன்னர் உறுதியாக்கப்பட வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல. ஒரு குடியரசின் மிகச் சாதாரணக் கடமைகள். இவற்றையும் மறுக்கும் திட்டம் எத்தகையது என்பதை அம்மறுப்பே காட்டிக் கொடுத்துவிடும்.

இவ்விடத்தில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தனிப் பணி ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் சட்டம் நம் முன்னோரிடம் பத்திரத்தைக் கேட்டபோது அவர்களிடம் பத்திரம் இல்லை. இன்று நம்மிடம் எழுத்து உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும் உண்டு. பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுத்துத் தம் ஊரைப் பற்றிய திட்டப் பத்திரங்களைக் கேட்டுப் பெற ஒரு குடிமகனால் முடியும். அன்புவழிபுரத்திலும், உப்புவெளியிலும், மூதூரிலும், கிண்ணியாவிலும் உள்ள பள்ளிக்கூடங்களின் உயர் வகுப்பு மாணவர் தத்தம் ஊரின் காணி வரலாற்றைத் தொகுக்கட்டும். எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் வந்து குடியேறியது, எந்தக் கிணற்றை எவர் வெட்டினர், எந்தப் பாடு எவருடையது, எந்தப் பாதையால் மாடுகள் குளத்துக்குச் செல்கின்றன என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். வாசிகசாலையில் ஒரு படி இருக்கட்டும். ஆசிரியர் சங்கத்தில் ஒரு படி இருக்கட்டும்.

அத்தகைய ஏடு ஒன்று இருந்திருந்தால், சம்பூர் மக்கள் தாம் அங்கு வாழ்ந்தவர்கள் என்பதைப் பத்தாண்டுகள் மெய்ப்பித்துக் கொண்டிருக்க வேண்டிய துன்பத்தில் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கும். நிலம் வெறுமையானது என்று அடுத்த வரைபடக்காரன் சொல்லும் நாள் வரும். அன்று அவன் முன் விரித்து வைப்பதற்கு ஊரின் கையில் ஓர் ஏடு இருக்க வேண்டும். அந்த ஏட்டின் பின்னால் மொழி வேறுபாடின்றி ஊர் திரண்டு நிற்க வேண்டும்.